நம் பிள்ளைகள் அமராத வகுப்பறை



சில மாதங்களுக்கு முன் நம் ஊர் மொத்தக் கடை ஒன்றில் சிட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கல்லாவில் முதலாளியின் மகள். பி.காம். முடித்த பெண். "மாமா, துவரம்பருப்பை ரெண்டு மூட்டையோட நிறுத்திக்குங்க. புதுச் சரக்கு வருது, விலை இறங்கும்" என்றாள். நிறுத்திக்கொண்டேன். அவள் சொன்னபடியே இரண்டு வாரத்தில் விலை இறங்கியது.

அடுத்த முறை போனபோது அவள் தகப்பனாரிடம், "இந்தப் பிள்ளையை எம்.பி.ஏ. படிக்க வைத்தால் என்ன?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் இங்கிலீஷ் பேசுற பிள்ளைங்களுக்குள்ள படிப்பு. இஞ்சினியருங்க படிக்கிறது. நமக்கு எதுக்குண்ணே? மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

அன்று முதல் இந்த வார்த்தை என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வியாபாரம் சொல்லித்தரும் பள்ளி வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இல்லையென்றால், பிறகு யாருக்கு?

நமது செட்டிநாட்டுச் சீமைக்கு வணிகக் கல்வி புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கடை வைத்த காலத்தில் அந்தக் கடைகளே பள்ளிக்கூடமாக இருந்தன. பெட்டியடிப் பையனாகப் போனவன் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் கடையையே பொறுப்பேற்று நடத்துவான். எந்தக் கல்லூரிக்கும் குறையாத பயிற்சி அது. ஆனால் அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் ஆண் பிள்ளைகள் மட்டுமே. கடல் கடந்த ஊரில் பணத்தை நம்பி ஒப்படைக்க அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

அதே சீமையில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார். அந்த விதைதான் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று அங்கே மேலாண்மைப் படிப்பும் இருக்கிறது.

அகில இந்திய அளவில் இந்தப் படிப்புக்குப் பேர் போனவை ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஆரம்பித்தார்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சியிலும் 2011 முதல் ஒன்று நடக்கிறது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

இவற்றில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என முன்பே ஒதுக்கீடு இருந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் தர 2006-இல் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களை மட்டும் விலக்கச் சொன்னது. ஆக, சட்டப்படி கதவு திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

கதவு திறந்தால் போதுமா? வாசற்படி உயரமாக இருந்தால் எப்படி ஏறுவது? சேருவதற்கு 'கேட்' என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முழுக்க ஆங்கிலத்தில், இரண்டு மணி நேரம் நடக்கும் தேர்வு. கணக்கை வேகமாகப் போட்டுப் பழகிய இஞ்சினியரிங் மாணவர்களே பெருவாரியாக உள்ளே போகிறார்கள். பி.ஏ., பி.காம். படித்த பிள்ளைகள் குறைவு. பெண்களும் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தார்கள். நம் போன்ற சிற்றூர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோ, விண்ணப்பம் வாங்கவே யோசிக்கிறார்கள்.

"தகுதி உள்ளவன் வரட்டும். வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வகுப்புகளில் பாடம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும். ஒரு கம்பெனிக்கு நேர்ந்த உண்மையான சிக்கலை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி வாதாட வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேர் பெற்று, அகமதாபாத்துக்கு வந்த முறை இது. இதில் பாதிப் பாடம் ஆசிரியரிடமிருந்து வருகிறது, மீதிப் பாடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து வருகிறது. எல்லாரும் ஒரே மாதிரி ஊரில், ஒரே மாதிரி வீட்டில் வளர்ந்தவர்கள் என்றால் பக்கத்தில் இருப்பவனிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கும்?

ஒரு சோப்புக் கம்பெனியின் சரக்கு கிராமத்தில் ஏன் போகவில்லை என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்துப் பையன், "விளம்பரம் போதாது" என்பான். மளிகைக் கடைக்காரர் மகள், "லைனுக்கு வருபவர் கடன் தருவதில்லை, உடைந்த சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை, அதனால் அப்பா வாங்குவதை நிறுத்திவிட்டார்" என்பாள். கயிற்றுத் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர் மகனைக் கேட்டால், நான்கு நாள் அடைமழை பிடித்து நார் காயாவிட்டால் கூலியாள் வீட்டில் என்ன ஆகும் என்று சொல்வான். இதை எந்தப் புத்தகத்தில் படிப்பது?

ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவரும் வாங்கும்படி செய்த யோசனை கடலூர் சின்னிகிருஷ்ணனுடையது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பு பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய சரக்கு அது. இன்று மேலாண்மை வகுப்புகளில் அது பாடம். கடலூரில் பிறந்த யோசனை பாடமாகலாம், கடலூர் போன்ற ஊரில் பிறந்த பிள்ளை மாணவராகக் கூடாதா?

உள்ளே போன பிள்ளைகளின் பாடும் எளிதாக இல்லை. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வெளி மாநிலத்தில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் வாரம் வகுப்பில் எழுந்து பேசியபோது அவன் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிலர் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் வாயே திறக்கவில்லை. இடம் கொடுத்தார்கள், ஆனால் பேச இடம் கொடுக்கவில்லை. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாத கதைதான் இது. சேர்ப்பது ஒன்று, சேர்த்துக்கொள்வது வேறொன்று.

மனம் வைத்தால் மாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. முழு இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் பெண்களைச் சேர்த்ததோ 1963-இல்தான். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2013-இல் சேர்த்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். நுழைவுத் தேர்வை மட்டும் பார்க்காமல் பள்ளிப் படிப்பின் மதிப்பெண்களுக்கும் உரிய இடம் கொடுத்தார்கள், பெண்கள் வந்தார்கள். எடைக்கல்லை மாற்றியதால் சரக்கின் தரம் கெட்டுவிடவில்லை.

கல்லூரிகள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டோம். நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று, ஐ.ஐ.எம். சேர எந்தப் பட்டப்படிப்பும் போதும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

இரண்டு, சான்றிதழ் விஷயம். மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர் என்பதால் மத்தியப் பட்டியலிலும் இருப்போம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் சரிபார்த்து, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே, உரிய காலத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

மூன்று, பணம். ஐ.ஐ.எம். படிப்புக்கு இன்று ஏறத்தாழ இருபது லட்சம் ரூபாய் ஆகிறது. கேட்டதும் தலை சுற்றும். ஆனால் இத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைத்தால் சொத்து ஈடு இல்லாமலே கடன் தரும் திட்டங்கள் வங்கிகளில் உள்ளன. விசாரியுங்கள்.

நான்கு, நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிச் செலவை ஏற்கலாம். அந்தப் பிள்ளை எந்த வகுப்பினராக இருந்தாலும், முதலாளி மகளாக இருந்தாலும், மூட்டை தூக்குபவர் மகனாக இருந்தாலும், ஒரே தராசு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. வெளியாரைக் குறை சொல்லும் முன் நம் கடையைப் பார்ப்போம். எடுபிடி வேலைக்கு வந்த பையனுக்குப் பத்து ஆண்டாகியும் பேரேடு பார்க்கக் கற்றுத்தராத கடைகள் நம்மிடையே எத்தனை? கணக்கில் கெட்டிக்காரியான மகளைக் கல்லாவில் உட்கார வைத்து, கூட்டாளியாகச் சேர்க்க மட்டும் யோசிக்கும் குடும்பங்கள் எத்தனை? கல்லூரிக்காரர்களைப் பார்த்து நாம் கேட்கும் அதே கேள்வியை அந்தப் பையனும் அந்த மகளும் நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

அந்த மொத்தக் கடைக்காரரிடம் மறுபடியும் பேசினேன். "யோசிக்கிறேன்ணே" என்றார். பக்கத்தில் நின்ற மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நான் சிட்டையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, "மாமா, அந்தப் பரீட்சைக்கு எப்ப விண்ணப்பம் போடணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நம் சங்கத்துக்கு உண்டு. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுவோம்.