குதிரைச் சக்திக்கும் குத்தகை!

நிலத்துக்குக் குத்தகை கேட்பார்கள். வீட்டுக்கு வாடகை கேட்பார்கள். முழு விலையும் கொடுத்து வாங்கி, சொந்தப் பெயரில் பதிவு செய்து, சொந்தக் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் வண்டிக்குள்ளே கிடக்கும் குதிரைச் சக்திக்கு ஆண்டுக் குத்தகை கேட்ட அதிசயத்தை 2022 நவம்பரில் அமெரிக்காவில் கண்டோம். கேட்டவன் தெருமுனைத் தரகன் அல்ல. மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பெனி! அந்த ஓர் ஆண்டில் மட்டும் அது கணக்குக் காட்டிய நிகர லாபம் சுமார் 1,480 கோடி யூரோ.

விஷயம் இதுதான். எஸ்.யூ.வி. என்று பெயர் சூட்டப்பட்ட, ஜீப் சாயல் கொண்ட உயரமான பெருங்கார்களை நமது நகரங்களிலும் பார்க்கிறோம். அந்த இனத்தில் மின்சாரத்தால் ஓடும் ஒரு ரகம் ‘இ.கியூ.இ.’. முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என இரு மோட்டார்கள் பொருத்திய அதன் ‘350’ மாடலை 288 குதிரைச் சக்தி என்று சொல்லி விற்றார்கள். பிறகு, ஆண்டுதோறும் 1,200 டாலரும் வரியும் கட்டினால் அதே வண்டி ஏறத்தாழ 349 குதிரைச் சக்தி காட்டும் என்று அறிவித்தார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தை 6.2 வினாடியில் தொட்ட வண்டி 5.2 வினாடியில் தொட்டுவிடுமாம்.

புதிய மோட்டார் பொருத்துகிறார்களா? இல்லை. பாட்டரியைப் பெரிதாக்குகிறார்களா? இல்லை. ஒரு நட்டு, ஒரு போல்ட்? அதுவும் இல்லை. எந்தத் தொழிலாளியும் வண்டியின் பக்கத்தில்கூட வருவதில்லை. அந்தச் சக்தி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்தே மோட்டாருக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் கட்டளை ஒன்று அதை மடக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. பணம் போனால் பூட்டு திறக்கும். ஆண்டு முடிந்து பணம் போகாவிட்டால் மறுபடியும் பூட்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 60 குதிரைக்கு 1,200 டாலர். அதாவது குதிரை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20 டாலர். தீவனம் கிடையாது, லாடம் கிடையாது, லாயம் கிடையாது. மின்சாரச் செலவு வண்டிக்காரன் தலையில். டயர் தேய்வதும் அவன் தலையில். குத்தகைப் பணம் மட்டும் கம்பெனியின் கஜானாவுக்கு!

இந்த வண்டியை வாங்குகிறவர் நமது பத்திரிகையைப் படிப்பவர் அல்லர் என்பது நமக்குத் தெரியும். 75 ஆயிரம் டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு வினாடி கிடைக்கவில்லையே என்று ஏங்கும் சீமானுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அவருடைய வினாடி அவரோடு போகட்டும். இன்று சீமானின் காரில் ஒத்திகை பார்க்கப்படும் வித்தை நாளை யாருடைய கருவிக்குள் நுழையும் என்பதே நமது கவலை.

‘ஸ்போர்ட்’ பொத்தான்

இத்தகைய வண்டிகளின் சொந்தக்காரர்கள் ‘ஸ்போர்ட்’ பொத்தானைப் பற்றி மெய்மறந்து பேசுவதுண்டு. பொத்தானை அமுக்கினால் வண்டி புலிபோல் பாயுமாம். அந்தப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது? ஆக்ஸிலேட்டர் மிதியைப் பாதி அமுக்கினால், முக்கால்வாசி அமுக்கியதாக யந்திரம் எடுத்துக்கொள்ளும். ஸ்டியரிங் சற்று இறுகும். பெட்ரோல் வண்டியானால் கியர் மேலேறாமல் நீண்ட நேரம் நிற்கும். புகைக்குழாயின் மூடி திறந்து உறுமல் அதிகமாகும். சில வண்டிகளில் அந்த உறுமலே ஒலிபெருக்கி வழியாக உள்ளே வருகிறது! மிதியை முழுக்க அமுக்கிப் பாருங்கள்: பெரும்பாலான வண்டிகளில் பொத்தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யந்திரத்தின் உச்ச சக்தி ஒன்றேதான். ஒரு குதிரைகூடக் கூடுவதில்லை.

போகட்டும், அந்தப் பொத்தானின் விலை வண்டியின் விலைக்குள் அடக்கம். ஆனால் அது ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டது. சக்தி என்பது இரும்பிலும் செம்பிலும் இல்லை, பொத்தானில் இருக்கிறது என்று வாங்குகிறவனை நம்பவைத்தது. நம்பியவனுடைய பொத்தானுக்கு முன்னால் சுங்கச் சாவடி கட்டுவது சுலபம்தானே?

கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்கிறார்கள்: “யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குறைந்த சக்தி போதும் என்பவன் குறைந்த விலை கொடுக்கட்டும். கூடுதல் வேண்டுமென்பவன் கூடுதல் கொடுக்கட்டும்.” கேட்க நியாயம்போல் இருக்கிறது. ஆனால் குறைந்த சக்தி போதும் என்றவனுக்கும் அதே மோட்டாரைத்தானே பொருத்தியிருக்கிறார்கள்? அதே செம்பு, அதே காந்தம், அதே பாட்டரி, அதே உழைப்பு. அந்தக் குறைந்த விலைக்குள் இவற்றின் அடக்க விலையும் லாபமும் வந்துவிட்டனவா, இல்லையா? வராமல் எந்த முதலாளியும் விற்கமாட்டான். வந்துவிட்டது என்றால், அதற்கு மேல் ஆண்டுதோறும் வாங்கும் 1,200 டாலர் எதற்குக் கூலி? எதையும் செய்ததற்கு அல்ல. செய்யப்பட்டிருப்பதைத் தடுத்து வைத்திருப்பதற்கு!

உற்பத்தி சக்திகளை வளர்த்த உற்பத்தி உறவுகளே ஒரு கட்டத்தில் அவற்றுக்கு விலங்காகிவிடும் என்று மார்க்ஸ் 1859ல் எழுதினார். விலங்கு என்பது வெறும் உவமை என்று கேலி பேசிய பேராசிரியர்கள் உண்டு. இதோ அந்த விலங்கு: தயாராக இருக்கும் யந்திரத்தின் ஆறில் ஒரு பங்கு சக்தி, கம்ப்யூட்டர் கட்டளையால் கட்டுண்டு கிடக்கிறது.

ஜேம்ஸ் வாட் வசூலித்த குத்தகை

குதிரைச் சக்தி என்ற அளவே குத்தகைக் கணக்கோடு சேர்ந்து வளர்ந்ததுதான் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஜேம்ஸ் வாட் நீராவி யந்திரத்தைச் சீர்திருத்தி 1769ல் காப்புரிமை பெற்றார். 1775ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அதை 1800 வரை நீட்டித்துக் கொடுத்தது. வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் என்ன செய்தார்கள்? கார்ன்வால் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கும் யந்திரங்களுக்கு, பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குக் கட்டவேண்டும் என்றார்கள். ஆலைகளில் சக்கரம் சுழற்றும் யந்திரம் வந்தபோது அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை; ஆலைக்காரன் அதுவரை ஓட்டியது குதிரைகளை அல்லவா? எனவே ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் வேலை செய்யும் என்று வாட் கணக்கிட்டார். குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 பவுன், லண்டனில் 6 பவுன் என்று வசூலித்தார்கள்.

கார்ன்வால் சுரங்க அதிபர்கள் சும்மா இருக்கவில்லை. குத்தகை கட்ட மறுத்தார்கள். வேறு பொறியாளர்களைக் கொண்டு காப்புரிமையை மீறி யந்திரம் கட்டினார்கள். 1790களில் வழக்குமேல் வழக்கு நடந்தது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். வாட் தம்முடைய யந்திரத்தின் சக்தியை வேண்டுமென்றே முடக்கி வைத்துவிட்டுக் காசு கேட்கவில்லை. அவருடைய குத்தகைக்கு 1800 என்ற முடிவு தேதியும் இருந்தது. இன்றைய குத்தகையோ, பணம் கட்டும்வரை சக்தி, நிறுத்தினால் பூட்டு என்ற ஷரத்தோடு வந்தது.

இது ஒரு கம்பெனியின் கிறுக்கு என்று எண்ணவேண்டாம். டெஸ்லா கம்பெனி 2019 டிசம்பரில் தன்னுடைய கார் ஒன்றின் பாய்ச்சலை அரை வினாடி கூட்ட 2,000 டாலர் கேட்டது. அங்கும் மாறியது கட்டளை மட்டுமே. பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2022ல் சில நாடுகளில், காருக்குள் ஏற்கெனவே இருக்கும் இருக்கைச் சூட்டுக் கம்பிக்கு மாதச் சந்தா கேட்டது. வாங்குவோர் காறித் துப்பியதால் 2023ல் கைவிட்டது. மெர்சிடிஸும் 2023ல் சற்றுக் கீழிறங்கி, இ.கியூ.இ. ரகத்துக்கு மாதம் 60 டாலர், அல்லது ஒரேயடியாக 1,950 டாலர் என்று பேரம் பேசியது. 2025 ஆகஸ்டில் வோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஆரம்பித்தது: ‘ஐ.டி.3’ காரின் 201 குதிரையை 228 ஆக்க மாதம் 16 பவுன் 50 பென்ஸ், அல்லது ஒரேயடியாக 649 பவுன். வேடிக்கை என்னவென்றால், வண்டி 228 குதிரை என்றே பதிவாகியிருப்பதால் இன்ஷூரன்ஸ் கட்டணம் கூடாது என்று கம்பெனியே ஆறுதல் சொன்னது. அதாவது, காகிதத்தில் 228 குதிரை. சாலையில் 201!

பூட்டை உடைத்தால் என்ன என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கி 1998ல் அமெரிக்கா சட்டம் போட்டது. சொந்த வண்டியைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் 2015ல்தான் விதிவிலக்கு கிடைத்தது. அதையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மனுப் போட்டுப் புதுப்பிக்கவேண்டும்! விவசாயியின் கதை இன்னும் மோசம். டிராக்டரைப் பழுது பார்க்கத் தேவையான முழு சாப்ட்வேரையும் தன்னுடைய ஏஜெண்டுகளுக்கு மட்டுமே ஜான் டீர் கம்பெனி கொடுக்கிறது என்று குற்றம் சாட்டி, 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனே இரு மாநிலங்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. சீமானின் கார் வேறு, உழவனின் ஏர் வேறு என்று முதலாளி பார்ப்பதில்லை.

வான்ஸ் தொழிலாளர்கள்

இனி, அந்த 349 குதிரைகளையும் பூட்டியவர்களிடம் வருவோம். அமெரிக்கச் சந்தைக்கான இ.கியூ.இ. எஸ்.யூ.வி. தயாரானது ஜெர்மனியில் அல்ல. அலபாமா மாநிலத்தில், டஸ்கலூசா நகருக்கு அருகே வான்ஸ் என்ற ஊரில். 1993ல் இந்தத் தொழிற்சாலையை அழைத்துவர மாநில சர்க்கார் சுமார் 25 கோடி டாலர் சலுகைகளை வாரி வழங்கியது. 1997ல் அங்கிருந்து வெளிவந்த முதல் வண்டியும் எஸ்.யூ.வி.தான். சங்கம் கிடையாது. அருகருகே நின்று ஒரே வேலை செய்பவர்களுக்கு இரண்டு விதக் கூலி. ‘அலபாமா தள்ளுபடி’யை ஒழிப்போம் என்ற கோஷத்தோடு தொழிலாளர்கள் மோட்டார் தொழிலாளர் சங்கத்தில் சேரத் தொடங்கியதும், 2024 தொடக்கத்தில் அந்த இரட்டைக் கூலி மாயமாய் மறைந்தது!

மோட்டாரின் சக்தியைப் பூட்டி வைக்க சாப்ட்வேர் போதும். தொழிலாளியின் சக்தியைப் பூட்டி வைக்க அரசாங்கமே தேவைப்பட்டது. 2024 ஏப்ரலில் அலபாமா உள்ளிட்ட ஆறு தென் மாநில கவர்னர்கள் சங்கத்துக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டார்கள். ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல் தானாக முன்வந்து சங்கத்தை அங்கீகரிக்கும் கம்பெனிக்கு மாநிலச் சலுகை கிடையாது என்ற சட்டத்தில் அலபாமா கவர்னர் கையெழுத்திட்டார். எப்போது? வான்ஸில் வாக்களிப்பு நடந்த அதே வாரத்தில்! மே 17ம் தேதி எண்ணியபோது சங்கத்துக்கு ஆதரவாக 2,045 வாக்குகளும் எதிராக 2,642 வாக்குகளும் விழுந்திருந்தன.

இத்தனை மிரட்டலுக்கும் நடுவே 2,045 பேர்! ஒரு மாதத்துக்கு முன்புதான் டென்னஸி மாநிலம் சட்டனூகாவில், வோக்ஸ்வாகன் தொழிற்சாலையில், இதே கவர்னர்களின் இதே அறிக்கையைப் படித்துவிட்டுத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். அங்கே சங்கத்துக்கு 2,628 வாக்குகள், எதிராக 985. அவர்கள் தயாரித்ததும் எஸ்.யூ.வி. வண்டிகளே.