சம்பளம் கடனா?

குரோம்பேட்டை என்னும் பெயரே ஒரு புதுத் தொழிலின் ஞாபகச் சின்னம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை நம் நாட்டுக்குப் புதிதாயிருந்த காலத்தில், அங்கே நடந்த குரோம் லெதர் கம்பெனியே அவ்வூருக்குப் பெயர் தந்தது. 1949-ல் ஸ்ரீ சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. கலாசாலையும் அங்கேதான் இருக்கிறது. ஆதலால் புது முயற்சிகளை அவ்வூரார் வெறுப்பவரல்லர், நாமும் வெறுப்பவரல்லோம்.

இன்று அவ்வூர் வாலிபர் பலர் துரைப்பாக்கம் சாலை வழியே பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சென்று, ஸ்டார்ட்-அப் எனப்படும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். இத்தகைய கம்பெனிகளில் பணம் வற்றும்பொழுது நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் மூவர் வேலை ஒருவர் தலையில் விழும். பிறகு, புது முதலீடு வந்துகொண்டிருக்கிறது, நாமெல்லோரும் ஒரே குடும்பம் என்ற உபதேசம். அப்புறம் பாதிச் சம்பளம்; பின்னர் அதுவும் இல்லை. பாக்கிக்குப் பதிலாகப் பங்கு தருவதாக வாக்குறுதி! கம்பெனி விழுந்தால் அப்பங்கு வெறுங் காகிதம். வீட்டுச் சொந்தக்காரரும் தவணைக் கடன் கொடுத்த பாங்கியும் அக்காகிதத்தை ஏற்பார்களா?

2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதென்று கொண்டாடப்பட்ட பெங்களூர் பைஜூஸ் கம்பெனி, 2024-ன் தொடக்கத்தில் சிப்பந்திகளுக்கு உரிய தேதியில் சம்பளம் கொடுக்க இயலாமல் தவித்தது. அவ்வருஷம் ஜூலையில் அது திவால் விசாரணைக்கு உள்ளாயிற்று. ஆலமரத்துக்கே இக்கதியானால், நாற்றுகளின் நிலையைச் சொல்லவேண்டுமா?

தொழிலில் நஷ்டம் வருவது பாபமன்று. ஆனால் பெருலாபத்தை நாடித் துணிந்து பணம் போட்டவரே நஷ்டத்தையும் சுமக்கக் கடவர். மாதச் சம்பளக்காரனிடம் அவன் சம்மதமின்றியே வட்டியில்லாக் கடன் வாங்குவது எந்த தர்மம்? 2016-ம் வருஷத்துத் திவால் சட்டத்தின்படி, கம்பெனியைக் கலைக்கும்போது தொழிலாளியின் 24 மாதச் சம்பளப் பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமாக நிற்கிறது. தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத சிப்பந்திக்கோ 12 மாதப் பாக்கிதான். அதுவும் அவர்களுக்குப் பின்னால். ஆகவே கம்பெனி விழுந்தபின் விழிப்பதில் பயனில்லை.

2025 நவம்பர் 21 முதல் அமுலில் உள்ள ஊதியச் சட்டம், மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுபடவேண்டும் என்கிறது. விலக்கப்பட்டவருக்கும் ராஜிநாமாச் செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும் என்றும் விதிக்கிறது. சம்பளத்தில் பிடித்த சேமநிதிப் பணத்தை அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாதிருப்பது நம்பிக்கைத் துரோகக் குற்றம்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. தொழிலாளர் இலாகாவினர் ஆலைகளைப் பார்வையிடுவதுபோல் இக்கண்ணாடி மாளிகைகளிலும் சம்பளக் கணக்கைப் பார்வையிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். வாலிபர்களும் மாதந்தோறும் தங்கள் சேமநிதிக் கணக்கைப் பார்க்கட்டும். ஒரு மாதம் சம்பளம் தவறினால் எழுத்து மூலம் கேட்கட்டும். தனித்தனியே அஞ்சாமல் ஒன்றுகூடிக் கேட்கட்டும். உழைத்தவன் கூலி கேட்பது யாசகமன்று, உரிமை.