அக்காவும் மலை ஏறட்டும்

எங்கள் பக்கத்தில் மலை ஏறிவருவது பையன்களின் காரியம். பௌர்ணமி வந்தால் நண்பர்களோடு பைக்கில் கிளம்பிவிடுவார்கள். கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி மலையில் 10 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களை ஏறவிடும் வழக்கமே இல்லை. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் அப்படித் தடை எதுவும் கிடையாது. ஆனாலும் கலசபாக்கம் அருகே பிறந்து, தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நான், நாற்பது வயதைத் தாண்டித்தான் உச்சிக்குப் போனேன். தம்பி பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்வந்துவிட்டான். என்னை யாரும் போகாதே என்று தடுக்கவில்லை. கூப்பிடத்தான் ஆளில்லை. இந்த முறை அவனே, "நீ வா அக்கா, ரெண்டு பேரும் போலாம்" என்றான்.

விடிந்ததும் தென்மகாதேவமங்கலம் வழியாக ஏறினோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி. முதலில் படிக்கட்டு, அது முடிந்ததும் மரங்களுக்கு நடுவே கரடுமுரடான பாறைப் பாதை. அதற்கும் மேலே செங்குத்தான மொட்டைப் பாறை. பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். ஓரிடத்திலும் அவர் நிற்கவில்லை. மேலே மல்லிகார்ச்சுனரையும் பிரமராம்பிகையையும் கும்பிட்டுவிட்டு வெயில் தணிவதற்கு முன்பே இறங்கத் தொடங்கினோம்.

பயம் இறங்கும்போதுதான் வந்தது. பாறையைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணுக்குத் தெரியாத படியை நம்பிக் காலை விட வேண்டும். தம்பி எனக்குக் கீழே நின்றுகொண்டு, "அக்கா, இடது காலை இன்னும் கொஞ்சம் எறக்கு... இன்னும்... ஆங், வை" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். எங்களுக்குப் பின்னால் இறங்கிய இரண்டு பெண்களும் அவன் குரலைக் கேட்டே கால் வைத்தார்கள்.

இப்படி மலையில் வழி சொல்லும் ஒரு சங்கப் பாட்டு உண்டு, மலைபடுகடாம். அது சொல்லும் நவிரமலை நாங்கள் ஏறிய இந்தப் பர்வதமலைதான் என்பார்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுவந்த கூத்தன், இனிமேல் போகப்போகிற கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு அது. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே கவண்கல் பறந்து வரும், வழுக்கும் இடத்தில் எந்தக் கொடியைப் பிடித்துக் கடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கூத்தர் கூட்டத்தில் ஆடிப் பாடும் பெண்களான விறலியர் உண்டு. நடந்து நொந்த அவர்களுடைய பாதங்களைப் பற்றியும் பாட்டு பேசுகிறது. சங்க காலத்திலேயே பெண்கள் நடந்த மலைவழிக்கு இன்று என் வயதுப் பெண்கள் வரத் தயங்குகிறார்கள். கேட்டால், "பொம்பளைங்களுக்கு உடம்பு தாங்காது" என்று வீட்டிலிருப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகு இதை என்னால் ஏற்க முடியாது.

உண்மையான தடை வேறு. அன்று காலையிலிருந்து நான் வாயை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் குடித்தேன். வழியில் பெண்கள் ஒதுங்க மறைவாக ஓரிடம் என் கண்ணில் படவில்லை. ஆண்கள் ஏதாவது ஒரு பாறைக்குப் பின்னால் போய் வந்துவிடுகிறார்கள். வெயிலில் மலை ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். அது இல்லாவிட்டால் தசை பிடிக்கும், தலை சுற்றும். கடப்பாறைப் படியில் தலை சுற்றினால் என்ன ஆகும்? மாதவிலக்கு நேரம் என்றால் பெண்கள் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். கோயிலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். துணி மாற்ற இடமில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அறநிலையத் துறையும் வனத்துறையும் சேர்ந்து படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒன்று, மொட்டைப் பாறை தொடங்கும் முன்னால் ஒன்று எனப் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். மலையில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். சாம்பல் தூவி மட்கவைக்கும் கழிப்பறைகள் இருக்கின்றன. திருச்சி மாவட்டம் முசிறியில் மக்கள் அவற்றைப் பயன்படுத்திப் பழகியிருக்கிறார்கள். சுத்தம் செய்ய அடிவாரக் கிராமத்துப் பெண்களையே நல்ல சம்பளத்தில் நியமிக்கலாம். பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பேருந்து விட முடிகிற அரசுக்கு இது பெரிய செலவே இல்லை.

அண்ணன் தம்பிகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அக்காவை, தங்கையைக் கூப்பிடுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில், பாறை காய்ந்திருக்கும்போது கூட்டிப் போங்கள். ஏறும்போது அவள் நடைக்கு நீங்கள் நடங்கள். இறங்கும்போது அவளுக்குக் கீழே நில்லுங்கள். பெண்கள் நிறைய வந்தால்தான் கழிப்பறை வேண்டும் என்று அலுவலகத்தில் போய்க் கேட்கவும் ஆள் சேரும். என் மகளும் தம்பி மகனும் தை மாதம் முதல்முறையாக ஏறப்போகிறார்கள். இருவருக்கும் ஒரே வயது, பதினான்கு.