நெகிழ்வது கட்டடமா?

கட்டடங்களின் மின்நுகர்வு நெகிழ்வை மதிப்பிடும் ஆய்வுகளைப் படிக்கையில், அவற்றின் கணிதத்தைவிட அவற்றின் எழுவாயே என்னை உறுத்துகிறது. ‘கட்டடம் தன் நுகர்வை மாற்றிக்கொள்கிறது’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நெகிழ்வது தன்வினை, நெகிழ்த்துவது பிறவினை. பீன்யா போன்ற தொழிற்பேட்டையில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எதையும் அளக்க முடியாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தேவையுள்ள வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நேரவாரிக் கட்டணம் என்றது. வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறைய வேண்டும். உச்ச நேரத்தில் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. காரணம் எளிது. பீன்யாவை ஒட்டிச் செல்லும் தும்கூர் சாலைக்குரிய மாவட்டத்தில்தான் 2,050 மெகாவாட் பாவகடா சூரியப் பூங்கா இருக்கிறது. அது நண்பகலில் தருவதை மாலை ஏழு மணிக்குத் தராது. ஆகவே மாலைச் சுமையைப் பகலுக்கு நகர்த்தக்கூடியவர் யார், எவ்வளவு நகர்த்துவார் என்ற மதிப்பீடு இனிப் பணமாக மாறும்.

ஒரு கண்ணாடி அலுவலகக் கட்டடம் நண்பகலில் நீரைக் குளிர்வித்துச் சேமித்து, மாலையில் குளிரூட்டியின் சுமையை அரைமணி நேரம் குறைத்தால் உள்ளிருப்பவர் எவரும் அறியமாட்டார். அங்கே நெகிழ்வது உண்மையிலேயே கட்டடம். பீன்யாவின் தகரக்கூரை ஷெட்டில் குளிரைச் சேமிக்க எதுவுமில்லை. வெப்பப் பதனிடும் உலையைப் பாதியில் நிறுத்த முடியாது. கடைசல் இயந்திரத்தை நிறுத்தலாம். ஆனால் அதை இயக்குபவர் காத்திருக்க வேண்டும், அல்லது வேறு நேரத்துக்கு வர வேண்டும். டீசல் ஜெனரேட்டரைப் போட்டாலும் மின்கட்டமைப்பின் பார்வையில் சுமை குறைந்துவிடும்; புகை கணக்கில் வராது. மூன்றும் ‘20 கிலோவாட் குறைப்பு’ என்ற ஒரே எண்ணாகப் பதிவாகலாம்.

அந்த எண்ணும் நேரடியாக அளக்கப்படுவதன்று. ‘இவ்வளவு பயன்படுத்தியிருக்கும்’ என்ற ஊகத்திலிருந்து உண்மையில் பயன்படுத்தியதைக் கழித்தே அதைப் பெறுகிறோம். ‘இருக்கும்’ என்பதை எந்த மீட்டரும் காட்டாது. முந்தைய நாள்களின் சராசரியைக் கொண்டு அதைக் கட்டமைப்பது வழக்கம். அலுவலகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்கு வழக்கமான நாள் என்று ஒன்று இல்லை. ஆர்டர் வராத செவ்வாய்க்கிழமை அது மிக நெகிழ்வானதாகத் தோன்றும். (இந்தக் கணக்கை அப்படியே நம்பினால், 2020 ஏப்ரல் ஊரடங்கில் பீன்யா முழு மதிப்பெண் பெற்றிருக்கும்.) மாறாக, ஏற்கெனவே பகலில் மட்டும் இயங்கும் ஒற்றை ஷிப்ட் பட்டறைக்கு நகர்த்த எதுவுமில்லை, மின்கட்டமைப்பு விரும்பும்படியே நடந்துகொண்டும் அது சுழியம் பெறும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அறிமுகப்படுத்திய அறிவார்ந்த ஆயத்தக் குறியீட்டை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்போர் உண்டு. அது கட்டடத்தில் உள்ள தொழில்நுட்பச் சேவைகளின் தரத்தைக் கொண்டு மதிப்பெண் தருவது. தானியங்கிக் கட்டுப்பாடுகள் நிறைந்த கட்டடத்துக்கு அது நியாயம் செய்யலாம். கட்டுப்பாட்டுக் கருவியின் இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவரே நின்று சுவிட்சை அணைக்கும் இடத்தில் அது எதை எண்ணும்?

எத்தனை கிலோவாட், எவ்வளவு நேரம், பின்னர் சுமை எந்த வேகத்தில் திரும்புகிறது என்பவற்றோடு, அந்த மாற்றத்தை எது அல்லது யார் தாங்கினார் என்பதும் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே எழுதப்பட வேண்டும். சேமித்த குளிர், மின்கலம், டீசல், தொழிலாளியின் நேரம் ஆகியவை ஒரே பத்தியில் கூட்டத்தக்கவை அல்ல. இதற்குப் புதிய சென்சார் தேவையில்லை. மின்கட்டமைப்பு ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்துத் திட்டமிடுகிறது. அந்த 96 கூறுகளுக்கான மீட்டர் பதிவுக்குப் பக்கத்தில் பட்டறையின் வருகைப் பதிவேட்டையும் ஜெனரேட்டரின் டீசல் கணக்கையும் வைத்துப் படிக்க ஆய்வாளர்கள் முன்வந்தால் போதும்.