சம்பளத்தில் பிடிப்பதெல்லாம் வரியா? பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

சம்பள நாள். மாலை நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்த இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள்.

"பதினஞ்சாயிரம்னு சொல்லித்தாண்ணே வேலைக்கு எடுத்தாங்க. கையில வந்தது பதிமூணு. மீதியெல்லாம் இன்கம்டாக்சாம்!"

"யாருப்பா சொன்னது?"

"சூப்பர்வைசர்தாண்ணே."

சூப்பர்வைசர் சொன்னது தப்பு! 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு வருமான வரி ஒரு பைசா கூடக் கிடையாது. 2025-26 நிதி ஆண்டில் புதிய வரி முறைப்படி, மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரை வரி இல்லை. வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் வாங்குகிறவரிடம் எந்த வரியைப் பிடிப்பது?

அப்படியானால் அந்த இரண்டாயிரம் எங்கே போனது?

கணக்கு இதுதான்

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். வேறு படி எதுவும் இல்லை. பி.எப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், அதாவது 113 ரூபாய். மொத்தப் பிடித்தம் 1,913. கையில் வருவது 13,087.

இந்த 1,913 ரூபாயும் சர்க்காருக்குப் போகும் வரி அல்ல. 1,800 ரூபாய் தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. 2024-25 ஆண்டுக்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. முதலாளியும் தன் பங்காக இன்னொரு 1,800 கட்ட வேண்டும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்கும், 550 பி.எப். கணக்குக்கும் போகும். ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், 488 ரூபாய்.

சம்பளச் சீட்டில் நம்மிடம் பிடித்தது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. முதலாளி கட்டுவது பல சீட்டுகளில் இருப்பதே இல்லை. தொழிலாளிக்கு வயிற்றெரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"பி.எப். வேணாம் சார், முழுசா கையில குடுத்துடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. சில முதலாளிகளுக்கு அது பாயசம் சாப்பிட்ட மாதிரி! தங்கள் பங்கும் மிச்சம் அல்லவா? அப்படிக் கேட்பவர் இழப்பது வட்டியை மட்டுமல்ல. வேலையில் இருக்கும்போது அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடிய இன்ஷூரன்சும் போய்விடும். அதற்குத் தொழிலாளி கட்டுவது சல்லிக் காசு கூட இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு அதிர்ச்சி

வரி என்று ஒன்று பிடிப்பது உண்மைதான். அது தொழில் வரி. வருமான வரி இலாகாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனி இருக்கும் ஊரின் உள்ளாட்சிக்குப் போகிறது. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கே வேலை என்றால் சென்னை மாநகராட்சிக்கு. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது; அங்கே வேலை என்றால் ஆவடி மாநகராட்சிக்கு.

சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். நம் தொழிலாளிக்கு ஆறு மாத வருமானம் 90,000. அதனால் முழுசாக 1,250! ஒரே மாதத்தில் பிடித்தால் அந்த மாதம் கையில் வருவது 11,837. வாடகை கொடுப்பாரா, மளிகை பாக்கி தீர்ப்பாரா? 15,000 வாங்குகிறவருக்கும் ஒன்றரை லட்சம் வாங்குகிறவருக்கும் ஒரே தொழில் வரி. இது நியாயமா என்று மாநகராட்சிதான் யோசிக்க வேண்டும். வருஷத்துக்கு 2,500 என்ற உச்சவரம்பு 1988-ல் வைத்தது. அன்றைக்கு அது பெரிய சம்பளக்காரருக்கான தொகை.

பிடித்தார்கள், கட்டினார்களா?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை பக்கம் கான்டிராக்டர் மூலம் வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். சில கான்டிராக்டர்கள் மாதாமாதம் பி.எப். பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று பார்த்தால் கணக்கில் ஒன்றும் இருக்காது. காய்ச்சலில் விழுந்து அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் பணம் கட்டாத விஷயமே தெரியும். ஒழுங்காகக் கட்டியிருந்தால் வைத்தியமும் உண்டு, லீவு நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு.

வேறு சிலர் முதலாளி பங்கையும் சேர்த்துத் தொழிலாளி தலையில் கட்டி 24 சதவீதம் பிடிக்கிறார்கள். இது சட்டப்படி செல்லாது. தொழிலாளியிடம் பிடித்த பி.எப்.பைக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி; கிரிமினல் குற்றம்! கான்டிராக்டர் கட்டாமல் ஓடிவிட்டாலும் வேலை வாங்கிய கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. "எங்களுக்குத் தெரியாதுப்பா, கான்டிராக்டரைக் கேளு" என்று கம்பெனி கைகழுவ முடியாது.

என்ன செய்யலாம்?

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது சலுகை அல்ல, உரிமை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் சீட்டு கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது.

சீட்டில் யு.ஏ.என். நம்பர் இருக்கிறதா பாருங்கள். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது கழிந்து சில நாள் விட்டு, பி.எப்.பில் பதிவான செல்போனிலிருந்து 9966044425 நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். ஆதார், பான், பாங்க் கணக்கில் ஒன்றாவது யு.ஏ.என்.னோடு சேர்ந்திருந்தால் கடைசியாகக் கட்டிய தொகை எஸ்.எம்.எஸ்.சில் வரும். வராவிட்டால் கேளுங்கள். இரண்டு மாதம் போகட்டும் என்று விடாதீர்கள். அம்பத்தூர் வட்டாரத்துக்கென்றே பி.எப். ஆபீஸ் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கலாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. சீட்டைத் தமிழில் அடியுங்கள். பிடித்தது எவ்வளவு, நீங்கள் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்று மூன்று வரி போதும். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?