ஆள் கூடாத ஏலம்

ஏலம் என்பது நம் ஜனங்களுக்குப் புதிய விஷயமன்று. ஏரி மீன் குத்தகையாயினும், தோப்புப் புளியாயினும், சந்தைச் சுங்கமாயினும், தண்டோராப் போட்டு, நாள் குறித்து, நாலு பேர் பார்க்க மரத்தடியில் நின்று ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூறித் தீர்ப்பதே நாம் கண்டறிந்த ஏலம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவருக்கு இதன் நெளிவு சுளிவுகளை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொருளைக் கண்ணால் பார்ப்பார். கையால் தொட்டுப் பார்ப்பார். கூறுகிறவர் இன்னாரென்று விசாரிப்பார். எதிரே நின்று கேட்பவர் மெய்யான போட்டியாளரா, விலையை ஏற்றிவிட நிறுத்தப்பட்ட கையாளா என்பதை முகத்தைக் கொண்டே ஊகித்து விடுவார். முன்பணம் கட்டினால் ரசீது வாங்காமல் இடத்தை விட்டு நகரார்.

இத்தகைய விவேகிகள் இன்று மின்னஞ்சல் வழியே வரும் பொய் ஏலங்களில் கைப்பொருளைப் பறிகொடுக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் என்ன? கல்வியின்மையே காரணம் என்று சிலர் சுலபமாகச் சொல்லி விடுகின்றனர். நாம் அதை ஒப்பவில்லை. இந்திய சர்க்கார் பார்லிமெண்டில் கொடுத்த கணக்கின்படி, சைபர் மோசடிகளில் ஜனங்கள் இழந்த தொகை 2023-ஆம் வருஷத்தில் 7,465 கோடி ரூபாய். 2024-ஆம் வருஷத்திலோ 22,845 கோடி. எல்லா வகை மோசடிகளும் சேர்ந்த கணக்கு இது. இவ்வளவும் எழுத்தறியாதவர் முடிச்சிலிருந்து போன பணம் என்று யாராவது நம்புவாராயின், அவரையே முதலில் ஏமாற்றி விடலாம்!

மெய்யான காரணம் வேறு. ஏலத்துக்குரிய கூட்டத்தை விட்டு மனிதனைத் தனியே பிரித்தெடுத்து விடுகிறான் மோசக்காரன். பக்கத்தில் நின்று ‘வேண்டாம், அண்ணே’ என்று சட்டையைப் பிடித்திழுக்கும் பங்காளி அங்கே இல்லை. இரவு பத்து மணிக்குக் கைபேசியில் ஒரு கடிதம். ‘பாங்கி ஜப்தி செய்த டிராக்டர், சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு, நாளை மாலை நான்கு மணிக்குள் முன்பணம் கட்டுக, தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.’ கீழே ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. யோசிக்க அவகாசமில்லை; கேட்க ஆளில்லை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதன் மேற்கே வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டது கல்வராயன் மலைத் தாலுகா. தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அம்மலைநாடு ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? முத்திரை போட்ட காகிதம் என்றால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டுமேயன்றி அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற பழக்கம் அங்கே ஒரு தலைமுறைக்கு முன்வரை நீடித்தது. மலைக் கிராமத்து வாலிபர் இன்று கைபேசி வாங்கினால், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மின்னஞ்சல் முகவரி ஒன்றும் கூடவே வந்து சேருகிறது. கடுக்காயும் புளியும் விற்றுச் சேர்த்த பணத்தில் பழைய வண்டி ஒன்று வாங்க வேண்டுமென்று அவர் எண்ணுவதில் தவறென்ன இருக்கிறது? அசோகச் சின்னமிட்ட இங்கிலீஷ் கடிதத்தைக் கண்டால் அவருக்கு உண்டாவது பேராசை என்று சொல்வதைக் காட்டிலும் மரியாதை என்று சொல்வதே பொருந்தும். அம்மரியாதையைத்தான் மோசக்காரன் காசாக்குகிறான்.

இம்மோசடி எங்கோ நம் நாட்டில் மட்டும் முளைத்ததுமன்று. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே என்னும் ஏல ஸ்தாபனம் செழித்த நாள் முதலே அதன் நிழலில் திருடர்களும் செழித்தனர். ஏலத்தில் தோற்றவருக்கு மறுநாள் ஒரு கடிதம் வரும்: ‘வென்றவர் பின்வாங்கி விட்டார், நீர் கேட்ட விலைக்கே பொருளைத் தருகிறோம், பணத்தை நேரே அனுப்பும்.’ ஆசை ஏற்கெனவே மூண்டிருப்பதால் கடிதம் கனகச்சிதமாகப் பற்றிக்கொள்ளும். யார் எவ்வளவு கேட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி இருந்ததே திருடனுக்கு வசதியாயிற்று. பின்னர் அந்த ஸ்தாபனம் கேட்போர் பெயர்களை மறைக்கத் தொடங்கியது. ருமேனியாவைச் சேர்ந்த ஒரு கூட்டத்தார் 2007 முதல் ஈபேயின் பக்கங்களைப் போலவே பொய்ப் பக்கங்களைக் காட்டி, இல்லாத மோட்டார்களை அமெரிக்கருக்கு விற்றனர். பொருள் வந்து சேரும் வரை பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்ட ‘மத்தியஸ்தர்’ ஸ்தாபனமும் அவர்கள் சிருஷ்டியே. 2016-ல்தான் அவர்கள் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2019-ல் ஒஹையோ மாநிலத்து நீதிமன்றம் அவர்களில் ஒருவனுக்கு 20 வருஷமும் மற்றொருவனுக்கு 18 வருஷமும் சிறை விதித்தது. அமெரிக்கக் கனவான்களே ஏமாந்த இடத்தில் கல்வராயன் மலை வாலிபரை நகைப்பது நியாயமாகுமா? ஈபேயின் இந்தியக் கிளை 2018 ஆகஸ்டு மாதத்திலேயே மூடப்பட்டு விட்டது. ஆதலால் அதன் பெயரால் வரும் கடிதத்தைப் படித்துப் பார்க்கும் சிரமமும் வேண்டியதில்லை.

வாங்குவோருக்கு மட்டுமே ஆபத்து என்றும் எண்ணற்க. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் பெருமைப்பட வேண்டிய விஷயம். அதன் பயனாகத் தூர தேசத்துக் கிராக்கி நேரே சிற்பியின் வாசலுக்கு வரலாயிற்று. கூடவே கள்ளக் கிராக்கியும் வரும். ‘விலையைச் செலுத்தி விட்டோம், பார்சல் அனுப்பிய எண்ணைத் தெரிவித்தவுடன் பணம் உம் கணக்கில் விடுவிக்கப்படும்’ என்று பணம் செலுத்தும் ஸ்தாபனமே எழுதியது போன்ற கடிதம் வரும். சிற்பி மூன்று மாதம் செதுக்கிய வேலை கப்பலேறி விடும்; பணம் வராது. ‘தவறிக் கூடுதலாக அனுப்பி விட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புக’ என்பது இதன் தங்கை. கணக்கில் பணம் ஏறிற்றா என்பதைக் கணக்கைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும். கடிதத்தைப் பார்த்து அறியலாகாது.

இனி அடையாளங்களைக் கவனிப்போம். தபால் உறையில் அனுப்புகிறவர் விலாசமாக யாரும் எதையும் எழுதலாமல்லவா? மின்னஞ்சலின் மேலே தெரியும் பெயரும் அவ்வாறே. அப்பெயர் மீது விரலை வைத்தால் உள்ளிருக்கும் முழு முகவரி தெரியும். அம்முகவரியின் கடைசிப் பகுதியையே பார்க்க வேண்டும். சர்க்கார் இலாகாக்களின் முகவரி ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடியும். பாங்கிகள் தங்கள் இணையத் தளங்களை ‘பாங்க் டாட் இன்’ என்ற பெயருக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிவிட வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. பாங்கியின் பெயர் நடுவே இருந்து, முடிவு வேறாக இருந்தால் அது கள்ளப் பெயர். ஆனால், முகவரி சரியாகத் தோன்றுவதும் முழு ருசுவாகாது. அதையும் போலியாக இட முடியும். ஆகவே கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல், பாங்கியின் பெயரைத் தாமே எழுதித் தேடியோ, கிளைக்கு நேரே போயோ கேட்பதுதான் உத்தமம். சுங்க இலாகா பறிமுதல் செய்த சாமான் என்று எழுதுவோரும் உண்டு. அவ்விலாகா 2019 நவம்பர் முதல் தன் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்றை இடுகிறது. அந்த எண் மெய்யா பொய்யா என்பதை இலாகாவின் தளத்திலேயே சோதித்துக் கொள்ளலாம்.

இவற்றைக் காட்டிலும் பெரிய சோதனை ஒன்று உண்டு. மரத்தடி ஏலத்தின் லட்சணங்களை இக்கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டோரா எங்கே? பாங்கிகள் கடனுக்கு ஈடான நிலத்தையோ வீட்டையோ 2002-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்ப் பொது ஏலத்தில் விற்க வேண்டுமானால், இரண்டு பிரதான பத்திரிகைகளில், அவற்றுள் ஒன்று அவ்வட்டாரத்துப் பாஷைப் பத்திரிகையாக இருக்க, விளம்பரம் செய்தாக வேண்டும். பாங்கியல்லாத நிதி ஸ்தாபனங்கள் அடகு நகையை ஏலமிடுவதற்கும் இவ்வாறு பத்திரிகை விளம்பரம் உண்டு. சொத்தை ஏலத்தில் எடுத்தவர் நாலில் ஒரு பங்கை அன்றோ மறு வேலை நாளிலோ கட்டவேண்டும். மீதிக்கு 15 நாள் தவணை. இதில் எந்த இடத்திலும் தனி மனிதனுடைய கணக்குக்குக் கைபேசி மூலம் பணம் அனுப்பும் பேச்சே கிடையாது. பொருள் எங்கே? ‘கிடங்கு வெகு தூரம், படம் பார்த்தால் போதும்’ என்றால் போதாது. எதிரே கேட்பவர் யார்? ஒருவரும் இல்லை, நீர் ஒருவரே. ஒருவரை மட்டும் ரகசியமாக அழைத்து நடத்துவதை நம் ஊரில் ஏலம் என்று யாரும் சொல்வதில்லை.

இணைய ஏலம் யாவுமே புரட்டு என்று நாம் கூறவில்லை. விளைபொருளுக்கென இந்திய சர்க்கார் 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய தேசிய வேளாண் சந்தையில் தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பல சேர்ந்திருக்கின்றன. அங்கும் மூட்டை கண்ணெதிரில் இருக்கிறது. எடையும் தரமும் பார்க்கப்படுகின்றன. விலை கேட்பது மட்டுமே கம்பியில்லாமல் நடக்கிறது.

பணம் போய்விட்டால்? முதல் காரியம் 1930 என்ற எண்ணுக்குப் பேசுவது. அங்கே தகவல் கொடுத்தவுடன், பணம் எந்தப் பாங்கிக்குப் போயிற்றோ அந்தப் பாங்கிக்குச் செய்தி போய், கணக்கில் மிச்சமிருப்பது நிறுத்தி வைக்கப்படுகிறது. திருடன் அதை நாலு கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி ரொக்கமாக எடுத்து விட்டால் பின்பு தேடுவது கடினம். ஆகவே மணிக்கணக்கு அல்ல, நிமிஷக் கணக்கே முக்கியம். ஆனால் நடப்பது என்ன? வெட்கம். ‘வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்கள், ஊர் சிரிக்குமே’ என்று மூன்று நாள் மூடி வைக்கிறார். அதற்குள், ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுக’ என்று இன்னொரு கடிதம் வருகிறது. அதுவும் பெரும்பாலும் அதே திருடர் கைவரிசையே. கடிதத்தையும் பணம் போன ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மத்திய உள்நாட்டு இலாகாவின் சைபர் குற்றத் தளத்திலும், ஜில்லாவின் சைபர் குற்றப் போலீஸ் நிலையத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. புதிய நியாய சம்ஹிதையின் 318-ஆம் பிரிவில் 7 வருஷம் வரை தண்டனை உண்டு.

சட்டம் ஏட்டில் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கைக்காரரின் சம்மதமின்றிக் கணக்கிலிருந்து போன பணத்தைப் பற்றியது. ஏமாந்து தம் கையாலேயே அனுப்பிய பணத்தைப் பற்றியதன்று. அப்படியிருக்க, உண்மையான அறிவிப்பையே புரியாத இங்கிலீஷில் அனுப்பி, பொய் அறிவிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதபடி செய்துவிட்டு, ‘ஜாக்கிரதை’ என்று ஒரு வரி எழுதுவதோடு கடமை முடிந்ததெனப் பாங்கிகள் நினைப்பது எவ்வகையில் பொருந்தும்? தமிழ்நாட்டுக் கிளை ஒவ்வொன்றும் தான் நடத்தும் ஏலங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்டட்டும். பட்டியலில் இல்லாதது பொய் என்று அப்போது மலையிலிருந்து இறங்கி வருகிறவரும் ஒரு நொடியில் தெரிந்து கொள்வார்.

மலையில் எல்லாக் குக்கிராமங்களுக்கும் கைபேசி அலை ஒரே சீராக எட்டுவதில்லை. கடிதத்தை ஓரிடத்தில் படித்தவர், 1930-க்குப் பேச வேறிடம் நடக்க நேரிடலாம். ஆதலின் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் வழி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபைகள் கூடுகின்றன. வரும் கூட்டத்திலேயே வெள்ளிமலைப் பக்கத்து ஊராட்சிகளில் இத்தகைய பொய்க் கடிதம் ஒன்றை உரக்கப் படித்துக் காட்டி, அதன் ஒவ்வொரு வரியையும் ஜனங்களைக் கொண்டே விசாரிக்கச் செய்ய வேண்டும். சைபர் போலீஸார் ஒருவரை அனுப்பும்படி ஜில்லா சூப்பிரெண்டெண்டுக்கும், பாங்கி மானேஜர் நேரில் வந்து பதில் சொல்லும்படி கலெக்டருக்கும் அவ்வூர்த் தொண்டர்கள் இப்போதே விண்ணப்பம் எழுதி அனுப்பலாம். எழுதுவதைத் தமிழிலேயே எழுதுவார்களாக.