கட்டுச்சோறும் வாவிக்கரையும்

“கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்பது நம் முன்னோர் வாக்கு. சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பழமொழியின் பிற்பகுதி அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. அண்மையில் அதன் முற்பகுதியைப் பற்றியும் சிந்திக்க நேர்ந்தது.

எமது மாணவர் 24 பேர் பூரணை விடுமுறை நாளொன்றில் உல்லாசப் பயணம் செல்ல விரும்பி என்னிடம் வந்தனர். அவர்கள் தீட்டியிருந்த திட்டத்தில் வாகனம் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, கடையில் வாங்கும் சோற்றுப் பெட்டிகளும் போத்தற் பானங்களும் இருந்தன. அப்போது மாணவி ஒருத்தி, “சேர், எங்கள் பாட்டன் பாட்டிமார் போன மாதிரி ஒருமுறை போனால் என்ன?” என்று கேட்டாள். எல்லாரும் உடன்பட்டனர். ஆயின் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை அறிந்தவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். நானும் அறியேன்.

வனபோசனம் நமக்குப் புதியதன்று. ஆந்திர நாட்டார் கார்த்திகை மாதத்தில் நெல்லி மர நிழலிற் கூடியிருந்து உண்பர். காவிரிக் கரையார் ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்களுடன் ஆற்றங்கரைக்குச் செல்வர். பசித்து வந்த அப்பர் அடிகளுக்குத் திருப்பைஞ்ஞீலி வழியிலே இறைவன் பொதிசோறு அளித்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். மட்டக்களப்பிலிருந்து கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் சென்ற அடியாரும் கட்டுச்சோற்றை நம்பியே காடு கடந்தனர். இவ்வளவும் ஏட்டறிவு. சோற்றைக் கட்டும் விதத்தை எந்த ஏடும் எனக்குக் கற்பிக்கவில்லை.

ஆகவே என் தாயாரிடம் சென்றேன். “அம்மா, கட்டுச்சோறு கட்டுவது எப்படி?” என்றேன். அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். “எங்க மகன் போகப் போறம்?” என்று கேட்டார். அவர் குரலிலே அச்சம் இருந்தது.

அதன் காரணம் எனக்குச் சிறிது நேரம் கழித்தே விளங்கிற்று. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது நான் சிறுவன். ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று விடியுமுன் அவர் கட்டிய பொதிகளை நான் சுமந்திருக்கிறேன். எங்கள் வீட்டிலே கட்டுச்சோறு என்றால் ஓட்டம் என்று பொருள். உல்லாசத்திற்காக அவர் ஒருநாளும் சோறு கட்டியதில்லை. என் தலைமுறையினர் பலருக்கு வாவியின் மறுகரையே கிட்டாத தேசமாக இருந்தது. சூரியன் எழும் பக்கமாகிய எழுவான்கரைக்கும், மறையும் பக்கமாகிய படுவான்கரைக்கும் இடையிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. கிழக்கில் 2007இலும், நாடு முழுவதிலும் 2009இலும் போர் ஓய்ந்தது. ஆயினும் விட்டுப்போன வழக்கங்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை.

“பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள், அம்மா” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்ப இனிப்பும் வைக்க வேணுமே” என்றார்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டு அடுக்களையே வகுப்பறையாயிற்று. அம்மா சொன்னவற்றை மாணவர் குறித்துக்கொண்டனர். 24 பேருக்கு 3 கிலோ நாட்டரிசி போதும். சோற்றை உதிரியாக வடித்து, அகலப் பரப்பி, ஆவி முற்றும் போக ஆறவிடல் வேண்டும். சூட்டோடு பொதிந்தால் ஆவி நீராகிச் சோற்றை விரைவிற் கெடுத்துவிடும். தேங்காய்ப்பாற் கறி வெயிலுக்கு ஆகாது. ஆதலால் கத்தரிக்காயைப் பொரித்து, புளியிற் சுண்டக் காய்ச்சி, அந்தக் குழம்பைச் சோற்றுடன் பிசைய வேண்டும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்து இடித்த சம்பல். வாழையிலையைத் தணலில் வாட்டினாற் கிழியாது. காலை 8 மணிக்குக் கட்டிய பொதியை நண்பகலுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். இவற்றோடு எருமைத் தயிர் இரண்டு சட்டி, பனங்கட்டி, எள்ளுருண்டை, உட்காரப் பன்பாய், ஒருவருக்கு 2 லீற்றர் வீதம் குடிநீர். நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். வாடைக்காற்றும் மாரி மழையும் உள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவையல்ல. பங்குனி முதல் ஆவணி வரை நன்று.

ஆனிப் பூரணையன்று புறப்பட்டோம். முன்னாளில் “பாதை” என்னும் மிதவையில் ஏறிக் கடந்த மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டிலிருந்து பாலம் இருக்கின்றது. அதன் வழியே படுவான்கரை சேர்ந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரரை வணங்கி, கல்நந்தி புல்லுண்ட கதையைப் பேசிக்கொண்டே வாவியோரத்து மருதமர நிழலிற் பாய் விரித்தோம். பொதிகளை அவிழ்த்தபோது எழுந்த வாட்டிய இலையின் மணம் ஒன்றே ஒலிபெருக்கியை மறக்கச் செய்யப் போதுமானதாயிருந்தது.

உண்டு முடித்ததும் ஒரு காட்சி கண்டேன். மாணவர் இலைகளைத் திரட்டி அயலில் மேய்ந்த மாடுகளுக்கு இட்டனர். தயிர்ச் சட்டிகளைக் கழுவி எடுத்துக்கொண்டனர். நாம் இருந்த இடத்தில் நாம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. ஆனால் சற்றுத் தள்ளிக் கண்டல் வேர்களிலே, எவரோ விட்டுச் சென்ற “லஞ்ச் சீற்” தாள்கள் சிக்கிக் கிடந்தன. அத்தகைய பொலித்தீன் தாள்களுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை விதிக்கப்பட்டது. சட்டம் செய்யாததை வாழையிலை செய்கின்றது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, நாம் கொடுப்பதையெல்லாம் வாய்பேசாது வாங்கிக்கொள்கின்றது. கண்டல் வேரிடையே வளரும் இறாற் குஞ்சும் மீன்குஞ்சும் நம் பிள்ளைகளின் நாளைய உணவல்லவா?

மாலையிற் கல்லடிப் பாலத்தருகே தங்கினோம். 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி, நீருக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்டுத் தம் நூலில் விரிவாக எழுதி வைத்தார். அவ்விசை விபுலானந்த அடிகளின் யாழ்நூலிலும் இடம்பெற்றது. மீனவர் ஒருவர் தோணியும் துடுப்பும் தந்தார். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையைக் காதில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்டோம். ஐந்தாறு பேர் கேட்டது என்றனர். எனக்குக் கேட்டதென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 24 இளைஞர் நிலவிலே மூச்சடக்கி மௌனமாக இருந்ததைக் கண்டேன். ஆசிரியனுக்கு அதுவும் ஓர் இசையே.

வீடு திரும்பியபோது அம்மா விழித்திருந்தார். “சோறு பழுதாகல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எல்லாரும் திரும்பி வந்தாச்சா?” என்பது அடுத்த கேள்வி. எல்லாரும் வந்துவிட்டனர் என்றேன். அதன் பின்னரே அவர் படுக்கச் சென்றார்.

கட்டிக் கொடுத்த சோறு ஒரு பொழுதுக்கே வரும். முன்னோர் சொன்னது உண்மை. கட்டக் கற்றுக் கொடுத்தாலோ அது பல தலைமுறைக்கு வரும். வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் அந்த முடிச்சை அறிந்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த பூரணைக்கு முன் அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது, பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள் என்பதை முதலிற் சொல்லிவிடுங்கள்.